வெட்டுகிறவரும் கட்டுகிறவளும்

பண்ணையில் எல்லோரும் அவரைக் கத்தி என்றுதான் கூப்பிடுவார்கள். கோபக்காரர் என்பதால் வந்த பெயர் இல்லை. கோபம் வந்தால் அவர் அதிகபட்சம் சாப்பிடாமல் எழுந்து போவார். அரை மணி கழித்து வந்து, ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று கேட்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். ரோஜாத் தண்டில் மொட்டு வைக்க அந்தப் பண்ணையில் அவரை விட்டால் ஆளில்லை. அதனால் கத்தி. அவருக்குப் பின்னால் நின்று நாடா சுற்றிக் கட்டுகிறவள் அவர் மனைவி. அவளுக்குப் பட்டப்பெயர் எதுவும் கிடைக்கவில்லை. கட்டுகிறவர்களுக்கு யார் பெயர் வைக்கிறார்கள்?

அவர்கள் செய்தது குடை ரோஜா. கடைகளில் அதை அழும் ரோஜா மரம் என்று சீட்டு ஒட்டி விற்பார்கள். விதை போட்டு முளைக்கிற மரம் இல்லை அது. காட்டு ரோஜாவை ஆள் உயரத்துக்கு மேல் ஒற்றைத் தண்டாக வளர்த்து, உச்சியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று தொங்குகிற ஜாதியின் மொட்டு இரண்டை வைக்க வேண்டும். பூ மொட்டு இல்லை. இலைக் காம்புக்கு அடியில் அரிசிமணி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, கிளை மொட்டு, அது. முக்காலியில் ஏறி, பட்டையைக் கீறி, கீறலின் உதட்டைத் தூக்கி, மொட்டை உள்ளே நழுவ விட வேண்டும். மூச்சு விடுகிற நேரம்தான் கணக்கு. அதற்குள் முடியாவிட்டால் மொட்டு காய்ந்துவிடும். நழுவவிட்ட அடுத்த நொடி அவள் நாடாவைச் சுற்றுவாள், மொட்டின் மூக்கு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. எல்லாம் சரியாக நடந்தால் அடுத்த வருஷம் நீள நீளமாகக் கிளை விட்டுக் கவிழும். அதற்கும் அடுத்த வருஷம் பூவோடு தரையைத் தொடும்.

சில வாரம் கழித்து நாடாவைப் பிரித்துப் பார்ப்பது கட்டுகிறவர் வேலை. மொட்டு பச்சையாக இருந்தால் பிடித்துவிட்டது, பழுப்பாக இருந்தால் செத்துவிட்டது. வெட்டுகிறவர் பார்க்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. "எம்புட்டு?" என்று கேட்பார், "எல்லாம் பச்சைங்க, ரெண்டு மூணு போச்சு," என்பாள். "அந்த ரெண்டு மூணு உன் கட்டு சரியில்ல," என்பார். இருபது வருஷத்துக்கு மேல் இதே பேச்சு. அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. அவர் அப்படிச் சொல்லாமல் விட்டால்தான் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும்.

அந்தக் கோடையில் பண்ணையின் முதலாளியம்மா பெரிய ஆர்டர் ஒன்று பிடித்து வந்தாள். புதிதாகப் பூங்கா ஒன்று வருகிறதாம். வாசலிலிருந்து குளம் வரைக்கும் நடைபாதையின் இரண்டு பக்கமும் குடை ரோஜாதானாம்.

"அண்ணே, எல்லாம் ஒரே ஜாதியா, ஒரே மாதிரி கவிழ்ந்து நிக்கணும். உங்க கைதான். வேற ஒருத்தரையும் விடமாட்டேன்," என்றாள்.

அவருக்கு வாயெல்லாம் பல். அவர் மனைவி அவர் வலது கையைப் பார்த்தாள்.

ஏனென்றால் அவர் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. முதலில் டீ கிளாஸில்தான் பார்த்தாள். பிறகு, சும்மா மடியில் கிடக்கிற வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் உப்பைக் கிள்ளித் தூவுகிற மாதிரி தாங்களாகவே அசைவதைப் பார்த்தாள். சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. "பொத்தான் ஓட்டையைச் சின்னதா தைக்கிறானுங்க," என்று தையல்காரர்கள் மேல் பழி போட்டார். மருத்துவரிடம் வா என்றால் வருகிற ஆளா? தனக்கு முழங்கால் வலி, துணைக்கு வாருங்கள் என்று அழைத்துப் போனாள். மருத்துவர் அவள் முழங்காலைப் பார்க்கவே இல்லை. மேஜை மேல் கிடந்த அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து நடக்கச் சொன்னார், விரலை விரலால் தட்டச் சொன்னார். இது போகாது, மாத்திரை போட்டால் கொஞ்ச காலம் அடங்கி இருக்கும், அப்புறம் கூடத்தான் செய்யும் என்று மறைக்காமல் சொன்னார்.

"கேட்டியா, அடங்கிடுமாம்," என்றார் இவர், பஸ் நிறுத்தத்தில். "உன் முட்டியைப் பத்திதான் ஒரு வார்த்தை சொல்லல அந்தாளு. சுத்தமா கவனமே இல்ல."

"ஏங்க, இந்த ஒரு தடவை வேற யாரையாவது வெச்சுக்கச் சொல்லலாமா?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"கத்தியைக் கீழ வைக்கிற அன்னைக்கு என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போயிடுங்க," என்றார். "எனக்கு வேற என்ன தெரியும்? பாட்டா பாடத் தெரியும்?"

அதுதான் விஷயம். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. பிள்ளை இல்லை, நட்பு என்று பெரிதாக யாரும் இல்லை. வீடு இரண்டு அறை. சாயங்காலம் அந்த இரண்டு அறையிலும் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நிற்பார். முக்காலியில் ஏறினால்தான் மனிதர் மனிதராக இருப்பார். அதிலிருந்து அவரை இறக்கிவிட்டால் அப்புறம் அவரோடு எப்படி வாழ்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்காகவும் பயந்தாள் என்பதை மறைப்பானேன்?

மொட்டு வைக்கிற நாட்களில் அவள் கீழே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். கீறல் ஆழமாகப் போயிற்று. ஓரம் பிசிறடித்தது. மொட்டைக் கத்தி முனையில் ஏந்திக்கொண்டு, அதை உள்ளே விட இடம் தேடித் தேடி, மூச்சு விடுகிற நேரம் போய் மூன்று வாய்ச் சோறு தின்கிற நேரம் ஆயிற்று. அவர் ஒன்றும் தெரியாதவர் போல் மெதுவாக விசிலடித்தபடி அடுத்த தண்டுக்கு நகர்ந்தார். அவள் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினாள், கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி.

பிரிக்கிற நாளில் தனியாகத்தான் போனாள். முதல் தண்டு பழுப்பு. இரண்டாவது பழுப்பு. வரிசையின் பாதியில் ஒன்றே ஒன்று பச்சையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் அழுகை வந்தது. மற்றதெல்லாம் வறுத்துப் போட்ட மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது.

"எம்புட்டு?" என்றார் அவர், குழாயடியில் கை கழுவிக்கொண்டே.

"எல்லாம் பச்சைங்க. ரெண்டு மூணு போச்சு."

"அது உன் கட்டு," என்றார். முகம் அப்படியே விரிந்தது. அவருக்கும் உள்ளூரச் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. இனிமேல் அந்தப் பொய்யைத் திரும்ப எடுக்க முடியாது.

மாத்திரை அவருக்குத் தூக்கத்தைக் கொடுத்தது. மதியச் சாப்பாடு ஆனதும் பம்ப் அறையில் சாக்கை விரித்து ஒரு மணி நேரம் அசந்துவிடுவார். அந்த நேரத்தில் அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனாள். அவர் கத்தியை அவள் தொட்டதே கிடையாது. ஒரு முறை தேங்கிய சாக்கடையைக் குத்திவிடக் கேட்டதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்த மனிதர். அதனால் வீட்டில் பழம் நறுக்குகிற கத்தியைக் கல்லில் தீட்டி எடுத்து வந்தாள். பின்பக்கம் வேலியோரம் இருந்த தாய்ச்செடியிலிருந்து, மொட்டு எடுப்பதற்கான குச்சி வெட்டினாள். தாய்ச்செடிப் பக்கம் போவது எப்போதும் அவர் வேலை. ஆனால் தொங்குகிற செடி எது என்று பார்த்தால் தெரியாதா? கிளையெல்லாம் கவிழ்ந்து, தரைப் பக்கம் தலையை விட்டுக்கொண்டு நின்றதே, அதில்தான் வெட்டினாள்.

செத்த மொட்டுக்கு ஒரு விரல் கீழே புதிதாகக் கீறினாள். பட்டை தானாகத் திறந்தது. மொட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அவளுக்கே திடுக்கென்றது. இத்தனை வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததெல்லாம் கையில் வந்து இறங்கியிருந்தது. இரண்டாவது இன்னும் சுத்தமாக விழுந்தது. பத்தாவது தண்டுக்கு வரும்போது தன்னையறியாமல் விசிலடித்துக்கொண்டிருந்தாள், உடனே நிறுத்திக்கொண்டாள். சந்தோஷமாக இருந்தது, அந்தச் சந்தோஷம் அசிங்கமாகவும் இருந்தது. மதியம் மதியமாகப் போய், வரிசை முழுவதையும் முடித்தாள். அவர் வைத்ததில் பச்சையாக இருந்த அந்த ஒன்றும் அதற்குள் காய்ந்துபோயிருந்தது.

மறுபடி பிரித்தபோது அத்தனையும் பச்சை. அவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. அதைத்தான் முன்பே சொல்லியாகிவிட்டதே.

அந்தக் குளிர்காலம் போல ஒரு குளிர்காலம் அவர்களுக்கு வாய்த்ததில்லை. மாத்திரையில் கை கொஞ்சம் அடங்கித்தான் இருந்தது. பூங்காக்காரர்கள் வந்தபோது முதலாளியம்மா அவரை முன்னால் நிறுத்தி, "இவர் கை வெச்சது ஒண்ணும் வீணாப் போகாது," என்றாள். அவர் வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னார். சாப்பிடும்போது ஒரு முறை சொன்னார். படுத்த பிறகு, "என்ன சொன்னாங்க தெரியுமா," என்று தொடங்கினார். அவள் தெரியாது என்றாள். எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கத் தயாராக இருந்தாள்.

குளிர் முடிந்ததும் பண்ணை ஆட்கள் மொட்டுக்கு மேலே தண்டுகளின் தலையை வெட்டினார்கள். சத்தெல்லாம் மொட்டுக்குத் திரும்பியது. கிளை வந்தது. கொழுகொழுவென்று வந்தது.

"இலை கொஞ்சம் பெருசா இருக்கே," என்றார் அவர்.

"உரம் தூக்கலாப் போட்டாங்கல்ல."

முழம் நீளம் வளர்ந்தது. இந்நேரம் நுனி சாய ஆரம்பிக்க வேண்டும். சாயவில்லை. இரண்டு முழம் ஆயிற்று. ஒவ்வொரு தண்டின் உச்சியிலும் கிளைகள் வானத்தைக் குத்துகிற மாதிரி விறைத்து நின்றன. அவள் வேலியோரம் தாய்ச்செடியிடம் ஓடினாள். கவிழ்ந்துதான் நின்றது. கவிழ்ந்த கிளையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். இலைக்கு அடியில், வேலிக் கம்பியோடு சேர்த்து, இறுக்கமான இரட்டை முடிச்சு. அது அவள் போட்ட முடிச்சு. வேறு யாரும் அப்படிப் போடுவதில்லை. அது தொங்குகிற ஜாதியே இல்லை, சுவர் மேல் ஏறுகிற கொடி ரோஜா. கிளையை வளைத்துக் கட்டினால் பூ கூடும் என்று அவர் சொல்லி, மொட்டு வைத்ததற்கு முந்தின வருஷம் அவளேதான் ஒவ்வொன்றாக இழுத்துக் கட்டிவிட்டிருந்தாள். நிஜமாகத் தொங்குகிற செடி அதற்குப் பக்கத்தில் தரையோடு படர்ந்து சாதுவாகக் கிடந்தது.

ஆயுசு முழுக்கக் கட்டினவளுக்கு, கட்டினது மறந்துபோயிற்று.

அப்புறம் அவள் செய்தது அறிவுள்ள காரியம் இல்லை. பயந்தவள் செய்கிற காரியம். ஒவ்வொரு மரத்திலும் கிளைகளை வளைத்துக் கயிறு போட்டுத் தண்டோடு கட்டினாள். காற்றுக்கு ஒடியாமல் இருக்க என்று கேட்டவர்களிடம் சொன்னாள். தூரத்திலிருந்து பார்த்தால் குடை மாதிரிதான் இருந்தது. ஒரு மாதம் கட்டி வைத்தால் பழகிவிடாதா என்று நினைத்தாள். மனிதர்கள் பழகவில்லையா?

பூங்காக்காரர்கள் எடுத்துப்போக வருவதற்கு முந்தின நாள், அவர் வரிசையைப் பார்க்க வந்தார். முதலாளியம்மாவும் கூட வந்தாள்.

"குடை ரோஜாவுக்கு எதுக்குடி கயிறு? அது தானா விழுமே," என்றார். அவள் பதில் சொல்வதற்குள் கத்தியை எடுத்து ஒரு கயிற்றை அறுத்தார்.

கிளை மெதுவாக எழுந்தது. அவசரமே இல்லாமல் எழுந்து, நேராக நின்றுகொண்டது. அவர் அடுத்த கயிற்றை அறுத்தார். அதுவும் எழுந்தது. நான்கைந்து மரம் அப்படியே போனார், முகத்தில் எதுவும் இல்லாமல்.

"என்ன அண்ணே இது, துடைப்பம் மாதிரி நிக்குது?" என்றாள் முதலாளியம்மா.

அவர் ஒரு இலையைப் பறித்தார். முள்ளைத் தடவிப் பார்த்தார்.

"இது கொடி ரோஜாம்மா. தொங்குற ஜாதி இல்ல."

"குச்சி வெட்டினது யாரு?"

"நான்தான்," என்றார். "நான்தான் வெட்டினேன். வேலியோரம், மூணாவது செடி. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு." வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்ல... ரெண்டாவதா? மூணாவதுதான். ரெண்டாவதுல கை வெக்க மாட்டேனே நான்." பிறகு மனைவியைப் பார்த்தார். கூட்டத்தில் கை விட்டுப்போன குழந்தையின் பார்வை அது. "ஏம்மா, நான் எதுல வெட்டினேன்?"

அவள் குனிந்து, அறுந்து கிடந்த கயிறுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சரிண்ணே, போதும். வயசாகுதுல்ல. வர்ற சீசனுக்கு வெளியில இருந்து ஆள் பாக்கறேன். நீங்க தண்ணி பாத்துக்குங்க, தொட்டிக்கு மண்ணு போடுங்க. ஆளை எடுக்கல நான், கவலைப்படாதீங்க," என்று சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பம்ப் அறையில் அவர் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கை நடுங்கும்னு சொன்னாரு. தலையும் போகும்னு அந்த டாக்டர் சொல்லலியே," என்றார். "எந்தச் செடின்னு கூடவா தெரியாமப் போகும்? அப்ப நாளைக்கு உன்னையும் தெரியாதா?"

இதற்கு மேல் அவளால் முடியவில்லை. எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பழுப்பாகப் போனதை, பொய் சொன்னதை, பழக் கத்தியை, மதியங்களை, முடிச்சை. "உங்க தலை நல்லாத்தாங்க இருக்கு. நீங்க சரியான செடியிலதான் வெட்டினீங்க. அது பிடிக்கல, அவ்வளவுதான். தப்பான செடியில வெட்டினது நான்."

அவர் கேட்டு முடித்தார். பிறகு சிரித்தார்.

"என்னைக் காப்பாத்தறதுக்கு என்னெல்லாம் கட்டற நீ. உனக்கு மொட்டு வெக்கத் தெரியுமா? கதை விடாதே."

"சத்தியமா."

"சும்மா இரு."

"வாங்க, காட்டறேன்," என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். சொன்ன கோபம் ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது, ஆனால் அதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

கொட்டகைக்குப் பின்னால் கழித்துப் போட்ட காட்டு ரோஜாத் தண்டு ஒன்று தனியாக நின்றது. அவர் தன் கத்தியின் மடக்கை விரித்து அவளிடம் நீட்டினார். முதல் தடவை. நீட்டின கையில் அது ஆடிக்கொண்டே இருந்தது. அவரே போய், சரியான செடியிலிருந்து குச்சி வெட்டி வந்தார். அதை எவ்வளவு நிச்சயமாகப் பார்த்து வெட்டி வந்தார் என்பதை அவள் கவனித்தாள். தலை நன்றாகத்தான் இருந்தது.

அவள் முக்காலியில் ஏறினாள். வேண்டுமென்றே மோசமாகக் கீறிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படிக் கீறினால் அவர் தன் தலைதான் போய்விட்டது என்று நம்புவார். சுத்தமாகக் கீறினால் தன் கைதான் போயிற்று என்று தெரிந்துகொள்வார். இரண்டில் எது சின்ன அடி என்று அவளுக்கு விளங்கவில்லை. யோசிக்கிற நேரத்தில் கை தன் பாட்டுக்குக் கீறிவிட்டது. உதடு திறந்தது, மொட்டு சறுக்கி உள்ளே போயிற்று. மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

அவர் கீழே நின்று கீறலை அண்ணாந்து பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார். "என்னைவிட நல்லா இருக்கு."

"அப்படியெல்லாம் இல்லைங்க."

"இறங்கு. நாடாவைக் குடு. காயறதுக்குள்ள கட்டணும்ல? நான் கட்டறேன். இனிமே நீ வை, நான் கட்டறேன். முதலாளியம்மாகிட்டச் சொல்லலாம். வெளி ஆளு எதுக்கு?"

அவர் குரலில் அப்படி ஒரு அவசரம். அவள் இறங்கினாள். அவர் ஏறினார், இரண்டு தடவை முயன்று ஏறினார். நாடாவின் நுனியைத் தண்டில் வைத்துக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் நிற்கவில்லை. நாடா கீறலின் உதட்டில் இடறியது, விலகியது, மறுபடி இடறியது. மூன்றாவது சுற்றில் மொட்டு வெளியே வந்துவிட்டது. தண்டின் பின்பக்கமாகச் சறுக்கி மண்ணில் விழுந்தது. அவர் பார்க்கவில்லை. நாடாவின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக முடிச்சு விழுந்தது. அவர் மூச்சு வாங்க, முக்காலியின் மேலிருந்தே கேட்டார்.

"எப்படி? சரியா இருக்கா?"

அவள் மண்ணைப் பார்க்காமல் அண்ணாந்து பார்த்தாள்.

"சரியா இருக்குங்க," என்றாள்.